நாலாவது பெயருக்கு நேரே

அக்டோபர் 11

தம்பிக்கு,

உன் லிஃப்ட் பட்டறை முகவரிக்கு என் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்து மிரண்டுவிடாதே. யாரும் சாகவில்லை. வீட்டுக்குப் போன் போட்டால் அப்பாவுக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் வைப்பீர்கள். உன் செல்லுக்குச் செய்தி அனுப்பினால், கண் தெரியாத அப்பாவுக்காக நீ அதில் ஒரு வாசிக்கும் குரல் போட்டுவைத்திருக்கிறாயே, அது நடுவீட்டில் நின்று எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கும். நம் வீட்டில் ரகசியம் பேச இருபத்தைந்து வருஷமாக வழியில்லை. இன்று என் வாயில் வருகிறவை நடுவீட்டில் கேட்கிற வார்த்தைகள் அல்ல.

அந்த ஆள் ஜெயித்துவிட்டான். ஜெயித்தது கூடப் பெரிதில்லை, எவ்வளவு வித்தியாசத்தில் என்று பார்த்தாயா? நாட்டில் மூன்று பேரில் இரண்டு பேர். இனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவனை எல்லாம் அந்தக் கணக்கோடுதான் பார்ப்பேன். நேற்று காலை எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தால், பதிவு மேசைக்காரர் தட்டு நிறைய மிட்டாயோடு நிற்கிறார். சட்டையில் வட்டமாக ஒரு பேட்ஜ், அதில் அந்த ஆளின் வாசகம்: "வந்த வழி திறந்தே இருக்கிறது." வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அதே வழியில் திரும்பிப் போகலாமாம். தரை துடைக்கிற இரண்டு பெண்களும் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் தட்டை நீட்டினார். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்? ஒருத்தி வாயில் போட்டுக்கொண்டு துடைப்பத்தைப் பிடித்தபடியே மென்றாள். என் மிட்டாயை ரத்தப் பஞ்சு போடுகிற தொட்டியில் போட்டேன், அவர் பார்க்கும்படியாகவே.

"எல்லாம் கள்ள ஓட்டு" என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிக்கட்டும். இவ்வளவு பேர் நேர்மையாக யோசித்து அந்த ஆளுக்குப் போட்டார்கள் என்பதைவிட, எவனோ பெட்டியை மாற்றிவிட்டான் என்று நம்பினால் எனக்குத் தூக்கமாவது வரும்.

வீட்டில் எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுகிறோமே, அவள் எப்படி இருக்கிறாள்? வெளியிலிருந்து வந்து, ஒன்பது வருஷம் நம் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கைபிடித்து நடத்துகிறவளுக்கு இந்த நாடு சொல்லும் நன்றியைப் பார்த்தாயா? அப்பாவை நினைத்தால்தான் கொஞ்சம் ஆறுதல். முப்பத்து நாலு வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய கை. நீதானே துணைக்குப் போனாய், அவர் ஓட்டாவது உருப்படியாய் விழுந்திருக்கும். வழக்கம்போல மாதக் கடைசி சனிக்கிழமை வருகிறேன்.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

உன் கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் கிரீஸ் கறை என்னுடையதுதான், ஏணி மேல் நின்றுகொண்டே படித்தேன். பட்டறையில் எல்லோரும் "காதல் கடிதமா?" என்று கேட்டுவிட்டார்கள். அக்கா கடிதம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

முடிவு வந்த அன்று அரசாங்கக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு ஆள். நான் மேலே போய்க் கையால் சுற்றி இறக்குவதற்குள் ஒருவன் சட்டைப் பையை மற்றவன் கிழித்துவிட்டான். கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டினார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

என்னடா சம்பந்தமில்லாமல் கதை விடுகிறான் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன். அக்கா, அப்பா சந்தோஷமாக இருக்கிறார்.

முடிவு வந்ததிலிருந்து ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார். அந்த ஆளின் வெற்றிப் பேச்சை நாலு தடவை போட்டார்கள், நாலு தடவையும் கேட்டார். கூடவே முணுமுணுக்கிறார், பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. அன்று மேடத்தைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் டீ போடும்மா, இன்னிக்கு நல்ல நாள்" என்றார். அவள் போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு சொல்கிறார்: "உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. இதெல்லாம் மத்தவங்களுக்கு."

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். நான் குடித்திருக்கவில்லை. என்னுடையதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்று. தினமும் காலையில் நான்தான் அவருக்குப் பேப்பர் வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும். ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து வாசிக்க வேண்டாம் என்கிறார். "ரேடியோவே போதும், நீ வேலைக்குக் கிளம்பு." ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

தம்பி


அக்டோபர் 17

தம்பி,

இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன்.

அப்படியென்றால் அவரும் அந்த மூன்றில் இரண்டு பேரில் ஒருவர். தன்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போகிற கையைப் பிடித்துக்கொண்டே போய், அந்தக் கையை வெட்டச் சொல்லி ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் அதே கையால் டீ வேறு! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இங்கே ஊட்டிவிட்ட கைக்கே ரெண்டகம்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு, இதெல்லாம் மத்தவங்களுக்கு." எங்கள் பதிவு மேசைக்காரரும் துடைப்பக்காரப் பெண்களிடம் இதையேதான் சொன்னார். நாட்டில் ஒவ்வொருத்தனும் தன் வீட்டு வேலைக்காரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவன் வீட்டு வேலைக்காரியை விரட்ட ஓட்டுப் போட்டிருக்கிறான். ஒரு வாரமாகக் கள்ள ஓட்டு, கள்ள ஓட்டு என்று மருத்துவமனை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேனே, என் வீட்டிலேயே நல்ல ஓட்டாகவே விழுந்திருக்கிறது!

நான் வரவில்லை. இந்த மாதமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. அவர் கேட்டால் காரணத்தைச் சொல். மென்று முழுங்காதே. "உங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலையாம்"னு சொல். கண் தெரியாதவரிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்றால், உன் இஷ்டம்.

உன்னையும் விடப்போவதில்லை. சாவடிக்குள் துணைக்குப் போனவன் நீ. அவர் பெயரைச் சொன்னதும் உன் கைதானே முத்திரையை எடுத்துக் குத்தியது? கூசவில்லையா உனக்கு? வீட்டுக்கு வந்து அந்தக் கையை மேடம் போட்ட சாப்பாட்டில் வைத்தாயே, சோறு இறங்கியதா?

அக்கா


அக்டோபர் 20

அக்கா,

நான் இதை எழுதக்கூடாது. துணைக்குப் போகிறவர் வாக்காளர் சொன்னபடியே குத்த வேண்டும், யாரிடமும் சொல்லவும் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். அந்தத் தாளில் இரண்டு வாக்கியம்தான். ஒன்றை அன்றே மீறிவிட்டேன். இரண்டாவதை இப்போது மீறுகிறேன்.

மறைப்புக்குப் பின்னால் போனதும் அப்பா என் காதில் "நாலாவது பேரு" என்றார். ஆறு பெயர் இருந்த சீட்டு. நாலாவது அந்த ஆளின் கட்சி. நான் முத்திரையை மையில் அழுத்தினேன். வெளியே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேடம் நிற்கிறாள், மறைப்புக்குக் கீழே அவள் செருப்பு எனக்குத் தெரிகிறது. வார் அறுந்து நூல் போட்டுக் கட்டிய செருப்பு. கை தானாகப் போய் இரண்டாவது பெயருக்கு நேரே குத்திவிட்டது. நம்ம ஆளுக்கு.

தானாக என்று எழுதியது பொய். யோசித்துத்தான் குத்தினேன்.

"குத்திட்டியா?" என்றார். "குத்திட்டேன்." "சரியா?" "சரியாப்பா." சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன், அவரே பெட்டியில் போட்டார். வெளியே வரும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரு முனை வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாசம் என்று நினைத்தேன்.

சோறு இறங்கியதா என்று கேட்டாய். இறங்கியது அக்கா. அன்று ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். முடிவு வந்த பிறகுதான் இறங்கவில்லை. லட்சக்கணக்கில் வித்தியாசம். என் ஒரு குத்து கடலில் கரைத்த பெருங்காயம்கூட இல்லை. ஆனால் என்னிடம் மட்டும் வாடை போகவில்லை.

தம்பி


அக்டோபர் 24

தம்பி,

உண்மையைச் சொல்கிறேன். படித்ததும் சிரித்தேன். இருட்டறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "சபாஷ்டா" என்று வாய்விட்டே சொன்னேன். கிழவர் நாலு தடவை ரேடியோ கேட்டுக் குதூகலிக்கிறார், அவர் ஓட்டு நம் பக்கம் கிடக்கிறது! அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

மத்தியானம் பதிவு மேசைக்காரரோடு மறுபடியும் வாய்த்தகராறு. "கள்ள ஓட்டு கள்ள ஓட்டுங்கறீங்களே, ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். ஒரே ஒரு ஓட்டு" என்றார். இந்தத் தேர்தலில் எனக்குக் கண்கூடாகத் தெரிந்த ஒரே கள்ள ஓட்டு என் தம்பி போட்டது. அதுவும் கண் தெரியாத கிழவரிடம் திருடியது. அதற்கு நான் சபாஷ் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது. அந்த ஆள் ஜெயித்தபோதுகூட இப்படி இல்லை.

கடைக்காரன் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைப்பானாம், அப்பா சொல்வாரே, ஞாபகமிருக்கிறதா? "ஒட்டுறவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். பிள்ளைக்கு ஜுரம்பான், வாடகைம்பான். தட்டுக்கு அதெல்லாம் தெரியாது." நீ மேடத்தின் செருப்பைப் பார்த்தாய். தட்டுக்கு அது தெரியாது.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு துளிகூட இல்லை. அவர் செய்தது அசிங்கம், நீ செய்தது அசிங்கம், சபாஷ் போட்டது அதைவிட. இந்தக் குடும்பத்தில் சுத்தமான கை மேடத்துக்கு மட்டும்தான், அவளுக்கு ஓட்டே கிடையாது.

அக்கா


அக்டோபர் 29

அக்கா,

அவசரம். வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மேடத்தின் தங்கும் அனுமதி புதுப்பிக்க வேண்டும். நவம்பர் பத்தாம் தேதி அந்த ஆள் பதவி ஏற்கிறான். ஏற்ற அன்றே புதுப்பிப்பதை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் பழைய விதிப்படி இரண்டு வருஷம் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். படிவத்தில் வீட்டுக்குச் சொந்தக்காரர் பிணை நின்று கையெழுத்துப் போட வேண்டும். வீடு அப்பா பேரில். கண் தெரியாதவர் என்பதால், ஒருவர் முழுவதையும் வாசித்துக் காட்டி, காட்டியதாகப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை நான்தான் வாசித்தேன். ஐந்து நிமிஷ வேலை.

இந்தத் தடவை படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "யார் வாசிக்கப்போறது?" என்றார். "நான்தாம்பா." "அப்ப வேணாம்." விளையாட்டு என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தேன். கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டார். "மேடத்துக்கு எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடுவேன். நீ வாசிச்சுப் போட மாட்டேன். நாலாவது பேரு மேல் ஓரத்துலேர்ந்து ஒரு சாண். உன் கை இறங்குனது கட்டை விரல் தூரத்துல. என் இடது கை தாள் மேலதான்டா இருந்துச்சு."

முதலிலிருந்தே தெரியும் அக்கா. தெரு முனை வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது பாசம் இல்லை, திருடனைப் பிடித்த பிடி.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு வேற, எடை வேற. கள்ளத் தராசுன்னு ஒருதடவை தெரிஞ்சுட்டா, அதுல மறுபடி நிறுத்து வாங்கக் கூடாது" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லலாம் என்றால், அவர் சட்டையிலும் அந்த பேட்ஜ். மேடத்துக்கு நம் எழுத்து எழுத்துக்கூட்டத்தான் வரும், அதோடு அவளுக்கான படிவத்தை அவளே வாசிக்க விதியில்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எனக்கு நல்லது செய்யுங்கன்னு நான் உங்களைக் கேட்டேனா?"

நீ வர வேண்டும். இந்தச் சனிக்கிழமையே. அவர் மூஞ்சியில் முழிக்கப் பிடிக்காது என்று தெரியும். அவருக்காக இல்லை, எனக்காகவும் இல்லை.

தம்பி


அக்டோபர் 31

தம்பி,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சாயங்கால வண்டியில் திரும்புகிறேன். அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன், டிபன் டப்பா கொண்டுவருகிறேன். என்னை ஸ்டேஷனுக்கு அழைக்க வராதே. உன்னோடும் பேசுகிற நிலையில் இல்லை. கருப்பு மசி பேனா ஒன்று வாங்கி வை.

அக்கா


நவம்பர் 4

அக்கா,

சனிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாய். அப்பா என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு படிவம் வாசிக்க முக்கால் மணி நேரமா? உள்ளே உன் குரல் மேடைப் பேச்சு மாதிரிக் கேட்டது. வெளியே வந்தபோது உன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. மேடம் மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள், நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன நடந்தது? அப்பாவைக் கேட்டால் "உன் அக்கா சரியா நிறுத்தா" என்பதோடு சரி. இன்று காலை படிவத்தைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

தம்பி


நவம்பர் 6

தம்பி,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை நான் மட்டும் சுமக்க முடியாது.

உட்கார்ந்ததும் படிவத்தை எடுத்தேன். "அது இருக்கட்டும். முதல்ல அந்தப் பேப்பரை எடு" என்றார். கட்டிலுக்கு அடியில் முடிவு வந்த மறுநாள் பேப்பர் இருந்தது, மேடத்திடம் சொல்லிப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறார். "அவர் பேசினது முழுசா போட்டிருக்கான். வாசி."

"எதுக்கு? உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

"அதனாலதான். புதுத் தராசுல முதல்ல தெரிஞ்ச எடையை வைக்கணும்."

புரிகிறதா? கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தபோது செய்ததையே செய்தார். என்னைச் சோதிக்க அந்த ஆளின் பேச்சைத் தட்டில் வைத்தார். ஒரு வார்த்தை விட்டாலும் தெரிந்துவிடும்.

எழுந்து போயிருப்பேன். அறையின் மூலையில் மேடம் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லுங்கள் என்றேன். "அவ இருக்கட்டும், அவளுக்குத்தானே கையெழுத்து" என்றார். அவளும் நகரவில்லை. "வாசிங்கக்கா, நேரமாகுது. அலுவலகம் திங்கக்கிழமைதான் திறக்கும், ஆனா உங்க வண்டி அஞ்சு மணிக்கு" என்றாள்.

வாசித்தேன். இரண்டு பக்கம். "நம் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆகிவிட முடியாது" என்பதை என் வாயால் வாசித்தேன். "நம் தட்டில் கை வைத்தவர்கள்" என்பதை வாசித்தேன். கைதட்டல் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தான், அதையும் விடாமல் வாசித்தேன். "வந்த வழி திறந்தே இருக்கிறது" என்று வந்தபோது ஒரு நொடி நிறுத்தினேன். அவர் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், மேலே போ என்று. வாசித்தேன். மேடம் உறை மாட்டி முடித்துவிட்டு, மாட்டிய உறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

முடித்ததும், "சரி. ஒண்ணும் விடலை. இப்ப படிவத்தை வாசி" என்றார். வாசித்தேன். கேட்டார். கையெழுத்து எங்கே என்று கேட்டார். அதற்கு மேடம் அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துவந்து தாளின் மேல் வைத்தாள், நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை. அந்த ஜன்னலுக்குள் கையெழுத்துப் போட்டார். அட்டையை எடுக்கும்போது அதன் கீழே இன்னோர் அட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்துப் பெட்டியை வெட்டி, தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டியது. ஆறு இடைவெளி.

இது என்ன என்று கேட்டேன். அப்பாதான் பதில் சொன்னார், ரொம்பப் பெருமையாக. "ஓட்டுக்கு முன்னாடி பழகிக்கச் செஞ்சு கொடுத்தா. எத்தனாவது ஐயான்னா. நாலுன்னேன். விரலை வெச்சு நாலாவது எங்கேன்னு பத்து நாள் பழக்கிவிட்டா. கெட்டிக்காரி."

மேடத்தைப் பார்த்தேன். நாலாவது யாரென்று தெரியாதா உனக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தானே அக்கா, நம்பர் போட்டு. ஐயா ஓட்டு ஐயாவுது."

தன்னை விரட்டுகிறவனின் இடத்தை விரல் பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் கேட்டதைச் செய்தாள், அவ்வளவுதான். அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் சரியாக நிறுத்தவள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், சொல்.

கிளம்பும்போது அப்பா என் கையைத் தேடிப் பிடித்தார். "டிசம்பர்ல நகரசபைத் தேர்தல் வருது. நீ துணைக்கு வா." நான் கையை உருவிக்கொண்டேன்.

அக்கா


நவம்பர் 19

அக்கா,

அனுமதி வந்துவிட்டது. இரண்டு வருஷம், முத்திரையோடு. மேடத்திடம் கொடுத்தேன், திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீட்டில் எல்லாம் முன்போலத்தான். மருந்து நேரத்துக்கு, குளியல் நேரத்துக்கு. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவுக்குத் தெருவைச் சொல்லிக்கொண்டிருப்பாளே, யார் போகிறார், யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் குழந்தை விழுந்தது என்று? அது நின்றுவிட்டது. நேற்று அப்பா, "என்னம்மா, தெருவுல யாரையும் காணோமா?" என்றார். "இருக்காங்க ஐயா" என்றாள். அதற்கு மேல் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். அப்பா ரேடியோவைக்கூட அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு இரண்டாவது தடவை கண் போன மாதிரி இருக்கிறது. அவர் பாவம் என்று எனக்குத் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதும் பிடிக்கவில்லை.

தேர்தல் டிசம்பர் பதினான்கு. நகரசபையில் அந்த ஆளின் கட்சி வந்தால் வெளியாட்களுக்கு வீடு விடக்கூடாது என்று தீர்மானம் போடுவார்களாம். அப்பா தினமும் "அக்கா வர்றாளா?" என்று கேட்கிறார். நான் ஒன்று யோசித்தேன். திட்டாதே. நீ பொய்யாகக் குத்த வேண்டாம். வராமல் இருந்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மழை, ஜுரம், வண்டி இல்லை, ஆயிரம் காரணம் இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்கு ஓர் ஓட்டுக் குறையும், அவ்வளவுதான்.

தம்பி


நவம்பர் 22

தம்பி,

புளியைத் தட்டின் அடியில் ஒட்டினால்தான் குற்றம், தராசையே ஒளித்துவைத்தால் குற்றமில்லை என்கிறாய். நல்ல வளர்ச்சி.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிமூன்றாம் தேதி இரவே வந்துவிடுகிறேன். அவரிடம் சொல்.

எனக்கு அவர் மேல் இருக்கும் அருவருப்பு இம்மியும் குறையவில்லை, குறையும் என்றும் தோன்றவில்லை. அந்த மறைப்புக்குப் பின்னால் அவர் என் காதில் யாருடைய எண்ணைச் சொல்லப்போகிறார் என்று இப்போதே தெரியும். என் ஓட்டை அதற்கு எதிராக இங்கே காலையிலேயே போட முடியாது, எங்கள் ஊருக்கு அடுத்த வாரம்தான் தேர்தல். அதுவரை இந்த நகரசபைத் தேர்தலில் என் கையால் போட்ட ஒரே ஓட்டு அந்த ஆளுடையதாக இருக்கும். போடுவேன். வாந்தி வந்தால் வெளியே வந்து எடுத்துக்கொள்கிறேன். அவர் நாலு என்றால் நாலுக்கு நேரேதான் குத்துவேன். அதன் பிறகு வீடு வரை நடந்தே வந்து, அவரை உட்காரவைத்து, நீங்கள் செய்தது என்ன என்று அவர் மந்தக் காதுக்குக் கேட்கும்படி சொல்வேன். ஓட்டு அவருடையது. வாய் என்னுடையது.

நகரசபைச் சீட்டில் எத்தனை பெயர் என்று விசாரித்து எழுது. பெயருக்குப் பெயர் எவ்வளவு இடைவெளி என்றும் அளந்து எழுது. அவர் பழகிக்கொள்ள அட்டை கேட்பார்.

மேடத்திடம் கேட்க விடாதே. இந்த முறை நான் வெட்டிக்கொண்டு வருகிறேன்.

அக்கா